வலது செட்டையில் ஒரு நூல்

ஜூன் 3, 1985, திங்கள்

தொட்டி இரண்டு. ஐந்நூறு லிட்டர் ஒன்று, ஆயிரம் லிட்டர் ஒன்று. ரெசின் கிலோவுக்கு, அதை இறுக வைக்கும் ஹார்டனர் பதினைந்து மில்லி கலந்தேன். காலையிலேயே வெயில் கொளுத்தியதால் இருபது நிமிடத்தில் இறுகிவிட்டது. நாளைக்குப் பன்னிரண்டு மில்லி போதும்.

இந்த டைரி ரெசின் கம்பெனிக்காரர்கள் பட்டறைக்கு இலவசமாகக் கொடுத்தது. தினமும் எவ்வளவு கலந்தோம், எத்தனை நிமிடத்தில் இறுகியது என்று எழுதிவைக்கச் சொல்லி முதலாளி என்னிடம் தந்தார். ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் இந்தக் கேளம்பாக்கம் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரே பெண் நான். பத்தாவது வரை படித்ததும் நான் ஒருத்திதான். ஐந்து மாதமாக ரெசின் விவரம் தவிர வேறு எதையும் எழுதியதில்லை. இன்று எழுத வேண்டியிருக்கிறது.

டென்சிலிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. மூன்றரை வருடத்தில் முதல் கடிதம். எங்கள் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து, 82 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் பெர்த் என்ற ஊருக்குக் குடிபோன ஆங்கிலோ இந்தியன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான். இதே மாதம் பதினேழாம் தேதி கோவளத்துக்கு வருகிறானாம். கூடவே ஒரு பத்திரிகைக்காரப் பெண்மணியும் வருகிறாளாம். அலைமேல் சறுக்கும் பலகை ஒன்றை, நாங்கள் அன்று செய்த அதே கொட்டகையில், அதே மாதிரி மறுபடி செய்து காட்ட வேண்டுமாம். 'உன் கை ராசியான கை' என்று எழுதியிருக்கிறான். கடைசியில் ஒரு வரி: என் மனைவி லொரெய்ன் உன்னை விசாரித்தாள்.

லொரெய்ன் என்னை எதற்கு விசாரிக்க வேண்டும்?

நேரில் பார்த்தால் பழக்கதோஷத்தில் சார் என்றுதான் வாயில் வரும். இது என் டைரி. இங்கே அவனுக்கு அவ்வளவு மரியாதை தேவையில்லை.

ஜூன் 4, செவ்வாய்

தொட்டி ஒன்று. பன்னிரண்டு மில்லி. முப்பத்தைந்து நிமிடம். சரியாக இருந்தது.

கடிதத்தோடு ஒரு பத்திரிகையும் அனுப்பியிருந்தான். மடத்து சிஸ்டரிடம் டிக்‌ஷனரி இரவல் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் படித்தேன்.

அலைப்பலகைக்கு அடியில், வால் பக்கம், மீனுக்கு இருப்பது போலச் செட்டை வைப்பார்கள். அது இல்லாவிட்டால் பலகை நாலா பக்கமும் வழுக்கும். வெகுகாலம் ஒற்றைச் செட்டைதான். பிறகு சிலர் இரண்டு வைத்தார்கள். இப்போது எங்கே பார்த்தாலும் மூன்று என்கிறது பத்திரிகை. பெர்த்தில் டென்சில் கடையில் விற்கும் 'கோரமண்டல்' என்ற பலகைக்கும் மூன்று. வேறு ஊர்களிலும் அதே சமயம் மூன்று வைத்துப் பார்த்தவர்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஆனால் டென்சிலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று முடிக்கிறது. வங்கக்கடலில் சுறா நீந்துவதைப் பார்த்து அவனே யோசித்துக் கண்டுபிடித்தானாம். சுறாவுக்கும் சூரைக்கும் வித்தியாசம் தெரியாமல் மீன்கடையில் ஏமாந்துகொண்டிருந்த ஆள் அவன்.

என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. பெயர் இல்லை. 'உள்ளூர்ப் பெண் ஒருத்தி பசை பூசி உதவினாள்.'

பசை. சுவரில் போஸ்டர் ஒட்டவா போனேன் நான்? அந்த வரியை ஏழு தடவை படித்தேன்.

அதற்கடுத்த பத்திதான் பெரிய தமாஷ். பக்கத்துச் செட்டைகள் இரண்டும் முன்மூக்கு சற்று உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் இரண்டு நூல், வலப்பக்கம் இரண்டு நூல். தச்சர்கள் அளவில் எட்டு நூல் ஓர் அங்குலம். அவனுடைய கோரமண்டலில் இடது இரண்டு நூல், வலது மூன்று நூலாம். அந்த ஒரு நூல் அதிகத்தில்தான் ரகசியமே இருக்கிறதாம். கோவளத்து அலை வலப்புறமாக உடையும், அதற்காக மாதக்கணக்கில் சிந்தித்து அந்த அளவைப் பிடித்தேன் என்று பேட்டியில் அளந்திருக்கிறான்.

வாய்விட்டுச் சிரித்தேன். அந்த ஒரு நூல் எப்படி வந்தது என்று உலகத்தில் ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். பெயர் சூசை. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருடம்.

"இன்னாமே, தனியா சிரிச்சிகினு கீறே?"

"ஒரு கத படிச்சேன்யா."

பத்திரிகையைப் புரட்டிப் பார்த்து, இங்கிலீஷ் என்று கீழே வைத்துவிட்டார். தமிழ் என்றால் விடமாட்டார். எட்டாவது வரை படித்தவர். மளிகை சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போட விடுவார்.

ஜூன் 6, வியாழன்

தொட்டி மூன்று. அவன் மூக்கு உடைய வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்தேன். பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. சாமியார் பாவம், அவருக்கென்ன தெரியும்.

நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

80-இல் மகாபலிபுரத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் கோவளத்திலும் பலகை போட்டார்கள். டென்சில் அவர்களிடம் கற்றுக்கொண்டான். ஊருக்குக் கிளம்பும்போது ஒருவர் உடைந்த பலகையை அவனிடம் விட்டுப்போனார். அதை நான்தான் ஒட்டினேன். ஒற்றைச் செட்டை. பிடிமானம் இருந்தது, ஆனால் திருப்பினால் லாரி மாதிரி வளைந்து வர அரை மைல் வேண்டும் என்று அலுத்துக்கொண்டான். அப்புறம் ஐஸ் ஃபேக்டரியில் குளிர் அறைச் சுவருக்கு வைக்கிற நுரைக்கட்டையில் மீந்ததை வாங்கி நாங்களே செய்தோம். அதற்கு இரண்டு செட்டை வைத்தேன். பறந்தது. ஆனால் பெரிய அலையில் வால் வழுக்கி ஆளைக் கவிழ்த்தது.

நான் ஒரு நாளும் பலகைமேல் ஏறியதில்லை. கரையில் நின்று பார்த்தேன். தினமும், மூன்று மாதம். எந்த இடத்தில் வால் நழுவுகிறது என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். "சார், ரெண்டுக்கும் பின்னால, நடுவுல ஒண்ணு வெச்சா வால் நவுராது" என்று சொன்னது நான். தொட்டி மூடியில் வெட்டி மீந்த துண்டில் அந்த மூன்றாவதை அறுத்தது நான். முதலில் சின்னதாக வைத்தேன். போதவில்லை. மூன்றையும் ஒரே அளவாக வைத்தேன். அன்றைக்கு அவன் கரைக்கு வந்ததும் மூச்சு வாங்க, "செலின், நீ யாரு மேன்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பத்திரிகையில் பதில் சொல்லியிருக்கிறான், பசை பூசியவள் என்று.

இனி அந்த ஒரு நூல் விஷயம். 81 மே மாதம், கடைசிப் பலகை. வலது செட்டையை நிறுத்தும்போது ஹார்டனரை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். என் கவனம் வேறெங்கோ இருந்தது. அக்கினி வெயில் வேறு. நூல் பிடித்து நேராக்குவதற்குள் ரெசின் இறுகி, செட்டை நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு நூல் இருக்க வேண்டியது மூன்றானது. சொன்னால் திட்டுவான் என்று சொல்லவில்லை. அதன்மேலேயே ஏறி ஏறிப் பழகி, அதையே பெர்த்துக்குத் தூக்கிப் போய், ஸ்கேல் வைத்து அளந்து, நூற்றுக்கணக்கில் அதே பிசகோடு செய்து விற்கிறான். என் அவசரத்துக்கு அவன் விளக்கம் எழுதுகிறான்.

கவனம் ஏன் வேறெங்கோ இருந்தது என்றால், அன்று காலையில்தான் விசா வந்துவிட்டதாகச் சொன்னான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 12, புதன்

தொட்டி இரண்டு. கை அரிப்பு. தேங்காயெண்ணெய் தடவினேன்.

வழி யோசிக்கிறேன். செட்டைக்கு அடியில் ரெசினைக் குறைத்துப் பூசினால் முதல் அலையிலேயே பிய்ந்து வரும். ஆனால் வேலைக்காரி ஒழுங்காக ஒட்டவில்லை என்பான். சாய்மானத்தைத் தலைகீழாக வைக்கலாம். நூல் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் விழ வேண்டும், என் வேலையில் குறை சொல்ல யாராலும் முடியக்கூடாது. இரண்டும் வேண்டும் எனக்கு.

சோறு போடும்போது சூசை கேட்டார். ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் ஊரில் சட்டைக்காரர் என்பார்கள். "அந்த சட்டக்காரரு வராராமே. ஒனக்கு அவரு மேல கோவமா, பலக மேல கோவமா?"

"ரெண்டும்."

"பலக இன்னா பண்ணுச்சி?"

குழம்பை ஊற்றிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

வந்துவிட்டான். தொந்தி போட்டிருக்கிறது. பார்க்க நிம்மதியாக இருந்தது.

பத்திரிகைக்காரப் பெண்மணி பெயர் ஜூடித். பெரிய தொப்பி, சின்ன நோட்டு, எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறாள். படம் எடுக்கத் திருவல்லிக்கேணியிலிருந்து சலாவுதீன் என்பவரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். இரண்டு பாஷையும் தெரிந்தவர்.

"செலின், அப்படியே இருக்கே மேன். வயசே ஆகல."

"வாங்க சார்" என்றேன். வாய் அதுவாகச் சொன்னது.

ஜூடித்திடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். சலாவுதீனிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். சங்கடப்பட்டார். "ஹெல்ப் பண்ண பொண்ணுன்னு சொன்னாரும்மா."

பழைய பலகையையும் படத்துக்காகக் கொண்டுவந்திருக்கிறான். அவன் கடையில் சுவரில் மாட்டி வைத்திருக்கிறானாம். உறையைப் பிரித்ததும் வலது செட்டையைத்தான் தொட்டேன். அடியில் நான் பூசிய வெள்ளைப் பூச்சு மஞ்சளாகியிருந்தது. கொஞ்சம்கூடக் கீறல் இல்லை. அந்தப் பூச்சுக்குக் கீழே, பலகையில், செட்டை முதலில் நிற்க வேண்டிய இடத்துக்கு நான் போட்ட பென்சில் கோடு இருக்கிறது. கோடு மட்டும்தான்.

ஜூன் 19, புதன்

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டேன். கொட்டகையில் நுரைக்கட்டையை இழைத்தோம். அவன் கேமராவுக்காக இழைத்தான், சலாவுதீன் படம் எடுத்தார். கேமரா நகர்ந்ததும் நான் சரிசெய்தேன்.

மாலையில் ஒரு காகிதத்தை நீட்டினான். செட்டைகளின் அளவு. இடது இரண்டு நூல், வலது மூன்று.

"இந்த மெஷர்மென்ட் மாறக்கூடாது செலின். இதுதான் என் சீக்ரெட்."

"நீங்களே வெச்சுடுங்களேன் சார்."

"நான் எங்கே வெச்சேன்? பெர்த்துல அதுக்கு ஆள் இருக்கு."

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அடுப்பில் நன்றாக எரிந்தது. அது எரிகிறபோதுதான் வழி தெரிந்தது. நான் எதையும் கெடுக்க வேண்டியதில்லை. சரியாகச் செய்தால் போதும்.

நான்கு வருடமாக அவன் கால் கோணல் பலகையில் பழகியிருக்கிறது. வலது பக்கம் ஒரு நூல் அதிகம் என்பதற்கேற்பக் குதிகாலை ஊன்றியே உடம்பு பழகியிருக்கும். நேரான பலகையில் அதே மாதிரி ஊன்றினால் கவிழ்வான். அளந்து பார்த்தால் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஜூன் 21, வெள்ளி

ரெசின் நூறு கிராமுக்கு ஒரு மில்லி. காலை ஆறு மணி, வெயில் ஏறும் முன். மூக்கிலிருந்து வால் வரை நூல் கட்டினேன். இடது இரண்டு. வலது இரண்டு. நடு நேர். இறுகும்வரை கையை எடுக்கவில்லை. நாற்பது நிமிடம்.

இதுவரை செய்ததிலேயே நேரான வேலை இதுதான். இவ்வளவு கெட்ட எண்ணத்தோடு இவ்வளவு ஒழுங்கான வேலை செய்ததில்லை. மூன்று தடவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கண்ணாடி போல வந்தது.

ஜூன் 22, சனி

காய்கிறது. காத்திருக்கிறேன்.

ஜூன் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு மாதா கோயிலுக்குத் தெற்கே அலை நன்றாக எழுந்தது. பாதி ஊர் கரையில். சூசையும் கடலுக்குப் போகாமல் வந்திருந்தார். ஜூடித் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் அலையில் எழுந்து நின்றான், வலப்பக்கம் திரும்பினான், கவிழ்ந்தான். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது அலை அவனைச் சுருட்டிக் கரையில் போட்டது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. "சார், கட்டுமரம் ஒண்ணு தரவா?" என்று ஒருவர் கேட்டார். ஏழாவது தடவை விழுந்து எழுந்து வரும்போது மூக்கில் ரத்தம். எனக்குக் குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நெஞ்சுக்குள் அப்படிக் குளிர்ந்தது.

நேராக என்னிடம் வந்தான். "என்னா வெச்சிருக்கே நீ?"

பையிலிருந்து நூலை எடுத்து அவனே பிடித்து அளந்தான். ஜூடித்தைக் கூப்பிட்டுக் காட்டினான். "பாருங்க, ரெண்டும் சமமா இருக்கு. எழுதிக் குடுத்தும் தப்பா வெச்சிருக்கா. இவங்களுக்கு ரீசன் புரியாது, அதான்." இங்கிலீஷில் சொன்னதைச் சலாவுதீன் மெல்ல எனக்குச் சொன்னார்.

இதற்காகத்தான் காத்திருந்தேன். சலாவுதீனைப் பார்த்து, "நான் சொல்றத அந்தம்மாகிட்ட அப்படியே சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"அந்த ஒரு நூல் சீக்ரெட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் ஹார்டனர அதிகமா ஊத்திட்டேன். செட்ட நவுந்துபோச்சு. நான் பண்ண தப்ப அளந்து எடுத்துட்டுப் போய், அத அறிவுன்னு விக்கிறாரு இவரு. மூணாவது செட்டையும் நான் சொன்னதுதான்."

ஜூடித் எழுதுவதை நிறுத்திவிட்டு டென்சிலைப் பார்த்தாள். அவன் சிரித்தான். பாவம், பொறாமை, என்றான். ஆதாரம் இருக்கிறதா என்று அந்தம்மா கேட்டாள்.

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. "இருக்கு. பழைய பலகையில வலது செட்டைக்கு அடியில நான் போட்ட பென்சில் கோடு இருக்கு. ரெண்டு நூல்ல. செட்டைய எடுத்துட்டுப் பாக்கட்டும்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

டென்சில் முதலில் மறுத்தான். என் கடைக்கே அதுதான் அடையாளம், உடைக்கவிட மாட்டேன் என்றான். ஜூடித் ஏதோ கறாராகச் சொன்னாள். அவன் தொழிலே அவள் பேனாவில் இருக்கிறது இல்லையா. சரி என்று பலகையைக் கொண்டுவந்து மணலில் கவிழ்த்துப் போட்டான். யாரோ உளியும் சுத்தியலும் கொடுத்தார்கள்.

உளியை வைத்தேன். தட்ட முடியவில்லை. எதிரே சூசை நின்றுகொண்டிருந்தார். இரண்டு முழம் தூரம்கூட இல்லை.

"பாத்தீங்களா" என்றான் டென்சில். "கோடும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. செலின், விடு மேன். நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

அவன் என்னை மன்னித்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க அவன் என்னை மன்னித்தான்.

"தட்டு மே" என்றார் சூசை. "இன்னா வந்தாலும் வரட்டும்."

தட்டினேன். நான்காவது அடியில் செட்டை பெயர்ந்தது. உப்புத்தாளை நனைத்து அந்த மஞ்சள் பூச்சைத் தேய்த்தேன். முதலில் கோடு தெரிந்தது. சரியாக இரண்டு நூல். ஜூடித் குனிந்து அவளே அளந்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கோட்டின் ஓரத்தில் எழுத்து எட்டிப்பார்க்க, அந்தம்மா இன்னும் தேய்க்கச் சொல்லிக் கை காட்டினாள். என் கை தேய்த்தது. கோட்டோடு ஒட்டி ஒரு வரி, பென்சிலில், என் கையெழுத்தில்.

"என்னா எழுதிருக்கு?" என்றான் டென்சில்.

சலாவுதீன் கேமராவை இறக்கிவிட்டுக் குனிந்தார். படித்துவிட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் பேசுவதற்குள் சூசை மண்டி போட்டு உட்கார்ந்தார். லுங்கி நுனியால் ஈரத்தைத் துடைத்தார். உதடு அசைய ஒரு முறை மனசுக்குள் படித்தார். பிறகு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"'இத செஞ்சது செலின்'னு போட்டுகீது."

சலாவுதீன் சூசையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னார். ஜூடித் எழுதிக்கொண்டாள். என் பெயருக்கு எழுத்துக்கூட்டிக் கேட்டாள். இது உண்மையா என்று டென்சிலிடம் கேட்டாள். அவன் கடலைப் பார்த்தான், ஊரைப் பார்த்தான், மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"ஆமா" என்றான். "அவதான் செஞ்சா. மூணாவது ஃபின்னும் அவ ஐடியாதான்."

நான்கு வருடமாக எதிர்பார்த்த வார்த்தை. காதில் விழுந்தது. அப்போது நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சூசை எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு வலைகள் கிடக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

அங்கே எழுதியிருந்தது இது: 'சார், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.'

ஜூன் 25, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். தொட்டி ஒன்று. ஹார்டனர் எவ்வளவு ஊற்றினேன் என்று நினைவில்லை.

நேற்று கரையிலிருந்து வந்த பிறகு சூசை என்னை மே என்று கூப்பிடவில்லை. இன்று காலை கஞ்சி குடிக்காமலே கிளம்பினார். வாசலில் மறித்தேன்.

"ஏன்யா மாத்திப் படிச்ச?"

"ஒனக்கு வேண்டியது பேருதான? மூணு வாரமா அதுக்குத்தான தூங்காம கெடந்தே. கெடச்சிதில்ல."

"அது எண்பத்தொண்ணுல எழுதுனது. அப்போ ஒன்ன எனக்குத் தெரியாது."

"அது எனக்கும் தெரியும்" என்றார். துடுப்பை எடுத்தார். வைத்தார். "அது பழசு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இந்த மூணு வாரமா நீ கறுவிகினு இருந்தியே, அது புதுசு. அத தான் யோசிக்கிறேன்."

அவன் மூக்கை உடைக்க ஓங்கிய கை யார்மேல் விழுந்தது என்று அப்போதுதான் பார்த்தேன். அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த மனுஷன் என்னைக் காப்பாற்றிவிட்டுக் கஞ்சி குடிக்காமல் போகிறாரே என்று அழுகை வந்தது.

மத்தியானம் காரப்பொடி மீனோடு வந்தார். "காரப்பொடி கீது, வறு மே" என்றார். வறுத்தேன். சாப்பிட்டார்.

ஜூன் 26, புதன்

டென்சில் பழைய பலகையோடு வந்தான். நாளை விமானம். செட்டையைத் திரும்ப நிறுத்தித் தர வேண்டும் என்றான். குரலில் பழைய சத்தம் இல்லை.

"எத்தன நூல் சார்?"

"உன் இஷ்டம்."

இரண்டு நூல் வைத்தேன். பழைய இடத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி, எழுத்து வெளியே தெரியும்படி. வெள்ளை கலக்காமல் சுத்தமான ரெசினை அந்த வரிமேல் ஊற்றினேன். இறுகியதும் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. இனி கடல் தண்ணீர் பட்டாலும் வெயில் பட்டாலும் அழியாது.

அவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். "'இத செஞ்சது செலின்' மூணே வார்த்த. இது நீளமா இருக்கே. சலாவுதீன்கிட்ட கேட்டேன், பேச்ச மாத்துறார். நெஜமா என்னா எழுதிருக்கு?"

"எங்க வூட்டுக்காரரு படிச்சாரே சார். அதான்."

"செலின்."

"பெர்த்துல தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருப்பாங்க. காட்டிக் கேட்டுக்குங்க."

கேட்பான். கேட்காமல் அவனால் இருக்க முடியாது. சுவரிலிருந்து பலகையை இறக்கி, யாரோ ஒரு தமிழ் ஆளை வரவழைத்துக் காட்டுவான். அந்த ஆள் முதலில் மனசுக்குள் படித்துவிட்டு, பிறகு இவன் முகத்தைப் பார்ப்பார். சாயங்காலம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். சூசைக்காக ஒன்று. இன்னொன்றை ஏற்றி, அந்த நேரத்தில் லொரெய்ன் இரண்டு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும், அந்த ஆள் ஓர் எழுத்துகூட மாற்றாமல் படிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.